மூத்த இலத்திரனியல் பொறியியலாளர்களின் வேலைக் கதைகள்: நீளமான பொட்காஸ்ட்களைத் தேடிப் பிடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஹட்டனிலோ பண்டாரவளையிலோ ஒரு ரிப்பேர் கடையில் வேலை பழகும் பையனுக்கு, ஒரு சர்க்கிட் எப்படி வேலை செய்கிறது என்று சொல்லித்தர யூடியூப்பில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அந்த சர்க்கிட்டை முதன்முதலில் கீறிய மனிதரே வந்து, அது ஏன் அப்படி அமைந்தது, முதல் போர்ட் ஏன் புகைந்தது, மேலாளரிடம் என்ன சொல்லிச் சமாளித்தார் என்று கதை சொல்வதைக் கேட்க வேண்டுமென்றால் வேறு பக்கம் போக வேண்டும். முப்பது நாற்பது வருடம் வேலை பார்த்த ஒருவரை உட்கார வைத்து, ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோ பேச விடுகிற பொட்காஸ்ட்கள் இருக்கின்றன. பெரும்பாலும் ஆங்கிலம்தான். அவற்றை எப்படித் தேடுவது, மலைக்கு மலை மாறும் சிக்னலில் எப்படி இறக்கி வைப்பது, ஆங்கிலம் தடுமாறினால் என்ன செய்வது என்பதெல்லாம் கீழே இருக்கிறது.

ஒரு விஷயத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். பெயர்களையும் தேடல் சொற்களையும் இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன். நீங்கள் தேடும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

1. எந்த மாதிரிக் கதை வேண்டும்?

1985 ஏப்ரல் 26ஆம் திகதி, இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் இருந்த ஏகோர்ன் என்ற கணினிக் கம்பனிக்கு முதல் ஆர்ம் சிப் வந்து சேர்ந்தது. போர்டில் பொருத்தினார்கள், வேலை செய்தது. அது எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று பார்க்க, அதை வடிவமைத்தவர்களில் ஒருவரான ஸ்டீவ் ஃபர்பர் அம்மீட்டரைக் கோர்த்தார். மீட்டர் பூச்சியம் காட்டியது. தேடிப் பார்த்தால் பிழை போர்டில் இருந்தது. சிப்பின் சப்ளை கால்களுக்கு மின்சாரமே போகவில்லை. மற்றக் கால்களுக்கு வந்த சிக்னல்களிலிருந்து உள்ளே கசிந்ததை வைத்துக்கொண்டே சிப் ஓடியிருக்கிறது.

சப்ளையைக் கழற்றிய பிறகும், டேட்டா கேபிள் வழியாக வரும் கொஞ்ச வோல்டேஜில் எல்ஈடி மங்கலாக எரிவதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கதை உடனே பிடிபடும். ஐந்து நிமிட வீடியோவில் 'ஆர்ம் சிப்புக்குக் குறைந்த மின்சாரம் போதும்' என்ற ஒரு வரிதான் மிஞ்சும். அம்மீட்டரும் தலையைச் சொறிந்த நேரமும் நீண்ட பேச்சில்தான் வரும்.

இப்படி சிப் வடிவமைத்த கதை ஒரு வகை. உற்பத்தித் தளத்தில் ஆயிரம் போர்ட் ஒரே நாளில் திரும்பி வந்த கதை இன்னொரு வகை. கம்பனிக்குள் நடந்த சண்டை, அகாலத்தில் மூடப்பட்ட பிரிவு, களத்துக்குப் போய் பழுது பார்த்த அனுபவம் என்று வேறு வகைகளும் உண்டு. உங்களுக்கு எது பிடிக்கும் என்று தெரிந்துகொண்டால் தேடல் பாதி முடிந்த மாதிரி. ரிப்பேர் வேலையில் இருப்பவர்களுக்கு உற்பத்திக் கதைகளும் களக் கதைகளும்தான் அதிகம் பயன்படும் என்பது என் அபிப்பிராயம். சிப் வடிவமைப்புக் கதைகள் கேட்க இன்னும் சுவையானவை, ஆனால் அடுத்த நாள் பெஞ்சில் உதவுவது குறைவு.

2. செயலியும் டேட்டாவும்

பேச்சு ஒலிக்கோப்பு 64 கேபிபிஎஸ் தரத்தில் இருந்தால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 29 எம்பி போகும். 128 கேபிபிஎஸ் என்றால் 58 எம்பி. அதாவது ஒன்றரை மணி நேர எபிசோட் பெரிய கோப்பாக இருந்தாலும் 86 எம்பி அளவுதான். அதையே யூடியூப்பில் வீடியோவாக ஓடவிட்டால் இதைப்போல் பல மடங்கு கரைந்துவிடும். காதால் கேட்கப் போகிற விஷயத்துக்கு எதற்கு அந்தச் செலவு?

ஆண்ட்ரொய்ட் போனில் ஆண்டெனாபொட் என்ற செயலியைப் போடுங்கள். இலவசம், விளம்பரம் கிடையாது, கணக்குத் திறக்கவும் தேவையில்லை. ஐபோனில் ஆப்பிள் பொட்காஸ்ட் ஏற்கனவே இருக்கும். பழைய வழிகாட்டிகள் கூகுள் பொட்காஸ்ட்டைச் சொல்லும், அது 2024இல் மூடப்பட்டுவிட்டது.

ஆண்டெனாபொட்டின் அமைப்புகளில் மூன்றை மாற்றிவிடுங்கள். தானாக இறக்குவது வைஃபையில் மட்டும், கேட்டு முடித்த கோப்பு தானாக அழிய வேண்டும், மௌன இடைவெளிகளைத் தாண்டிப் போக வேண்டும். கடைசியாகச் சொன்னது வயதானவர்கள் பேசும்போது நேரத்தை நன்றாக மிச்சப்படுத்தும். ஆனால் யோசித்துப் பேசுகிறவரின் இடைவெளிக்கும் ஒரு ருசி உண்டு. அதனால் பிடித்தவர் பேசும்போது நான் அதை நிறுத்தி வைக்கிறேன்.

நோர்ட்டன் பிரிட்ஜிலிருந்து ஹட்டனுக்கு பஸ்ஸில் வரும்போது ஒவ்வொரு வளைவிலும் சிக்னல் போய்ப் போய் வரும். இந்தப் பாதைகளில் ஸ்ட்ரீமிங் என்பது நடக்காத காரியம். டவுனில் இருக்கும்போதோ, உங்கள் பெக்கேஜில் இரவு டேட்டா தனியாக இருந்தால் இரவிலோ, முன்கூட்டியே இறக்கி வையுங்கள். தேடலில் ஒரு நிகழ்ச்சி வராவிட்டால் அதன் தளத்துக்குப் போய் ஆர்எஸ்எஸ் முகவரியை (எபிசோட் பட்டியலைச் செயலிக்குத் தரும் இணைப்பை) நகலெடுத்து, செயலியில் நேரடியாக ஒட்டினால் வந்துவிடும்.

3. தொடங்க நான்கு நிகழ்ச்சிகள்

தி ஆம்ப் ஹவர். 2010இல் அமெரிக்காவின் கிறிஸ் கேமலும் அவுஸ்திரேலியாவின் டேவ் ஜோன்ஸும் தொடங்கியது. டேவ் ஜோன்ஸ் ஈஈவிபிளொக் என்ற யூடியூப் வீடியோக்களால் பலருக்குத் தெரிந்தவர். எழுதிவைத்து வாசிக்காத பேச்சு, அறுநூறுக்கும் மேற்பட்ட எபிசோட்கள். எல்லாவற்றையும் கேட்கப் போகாதீர்கள். இருவரும் அந்த வாரச் செய்திகளைப் பேசும் எபிசோட்களை விட்டுவிட்டு, தலைப்பில் விருந்தினர் பெயர் இருப்பவற்றை மட்டும் எடுங்கள். வேலைக் கதைகள் அங்கேதான்.

எம்பெடட் எஃப்எம். எலிசியா வைட், கிறிஸ்டோபர் வைட் என்ற தம்பதி 2013இலிருந்து நடத்துவது. விருந்தினர் வந்ததும் சுருக்கமாகப் பதில் சொல்ல வேண்டிய சின்னக் கேள்விகளை வரிசையாக வீசுவார்கள். அதில் சிரிப்பு வரும், ஆளின் குணமும் தெரிந்துவிடும். மென்பொருள் பக்கம் கொஞ்சம் சாயும். ஆனால் இதற்கு ஒரு பெரிய பலம், பேச்சின் எழுத்து வடிவம் பல எபிசோட்களுக்குக் கிடைப்பது. ஆங்கிலம் தடுமாறுகிறவர்கள் முதலில் இங்கே தொடங்கினால் நல்லது.

சர்க்கிட் பிரேக். ஹூஸ்டனில் போர்ட் தயாரிக்கும் மெக்ரோஃபெப் கம்பனியின் நிகழ்ச்சி. முன்பு கம்பனிப் பெயரிலேயே ஓடியது. பார்க்கர் டில்மனும் ஸ்டீபன் கிரேக்கும் பேசுவார்கள். உற்பத்தித் தளப் பிரச்சினைகள் விரிவாக வரும், அதே நேரம் கம்பனி வாடையும் கொஞ்சம் அடிக்கும்.

ஒன் த மெட்டல். ஒக்சைட் கம்பனியின் நிறுவனர்கள் 2019இல் தொடங்கியது. எபிசோட்கள் அதிகம் இல்லை, தொடரும் நின்றுவிட்டது. இருந்தாலும் விருந்தினர்கள் கணினி வன்பொருளில் ஊறியவர்கள். நிறுவனர்களில் ஒருவரான பிரையன் கான்ட்ரில் குறுக்கே பேசுவது சிலருக்கு எரிச்சலாக இருக்கும். எனக்கு அந்த உற்சாகம் பிடிக்கும். அதே கம்பனியின் ஒக்சைட் அண்ட் ஃப்ரெண்ட்ஸ் பிறகு வந்த நிகழ்ச்சி.

4. நிகழ்ச்சியை விட்டு ஆளைத் தேடுங்கள்

'பெஸ்ட் எலக்ட்ரோனிக்ஸ் பொட்காஸ்ட்' என்று தேடினால் எல்லோருக்கும் வரும் அதே பத்துப் பெயர்கள்தான் உங்களுக்கும் வரும். பாதி செத்துப்போன நிகழ்ச்சிகள், மீதி விற்பனைப் பேச்சு. நல்ல கதைகள் ஒரே நிகழ்ச்சியில் குவிந்து கிடப்பதில்லை. ஒரு மூத்தவர் ஒரு வருடம் ஒரு பொட்காஸ்ட்டிலும், இன்னொரு வருடம் ஒரு அருங்காட்சியக நேர்காணலிலும், பிறகு யாரோ ஒரு ரசிகரின் சின்ன நிகழ்ச்சியிலும் பேசியிருப்பார். மூன்றையும் பிடிக்க வேண்டுமென்றால் அவர் பெயர்தான் தூண்டில்.

பெயர் எங்கே கிடைக்கும்? உங்கள் பெஞ்சில் கிடக்கும் சிப்பிலிருந்தே தொடங்கலாம். 555 டைமரைத் தொடாத ரிப்பேர்காரர் இல்லை. அதை 1971இல் சிக்னெட்டிக்ஸ் கம்பனிக்காக வடிவமைத்தவர் ஹான்ஸ் காமன்சிண்ட். முதல் வடிவத்துக்கு ஒன்பது கால் வேண்டியிருந்தது. உள்ளே இருந்த நிலையான கரண்ட் மூலத்தை எடுத்துவிட்டு வெறும் ரெசிஸ்டரால் சமாளிக்கலாம் என்று பிறகு தோன்றியதும் எட்டுக் காலுக்குள் அடங்கியது. கம்பனியின் மற்றப் பொறியியலாளர்கள், இருக்கிற பாகங்களாலேயே இதைச் செய்யலாமே என்று எதிர்த்தும் இருக்கிறார்கள். காமன்சிண்ட் 2012இல் காலமானார், அவர் கொடுத்த நேர்காணல்கள் இணையத்தில் இருக்கின்றன. 741 ஓப்-ஆம்ப் என்றால் ஃபெயார்சைல்டின் டேவ் ஃபுல்லகர், 1968. இப்படி ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாலும் ஒரு ஆள் இருப்பார்.

இப்போது ஒரு தேடலை முழுதாகச் செய்து பார்ப்போம். பழைய கொமடோர் கணினிகளிலும் முதல் ஆப்பிள் கணினியிலும் இருந்தது 6502. சிப் எண்ணோடு 'டிசைனர்' என்று தட்டினால் சக் பெடல் என்ற பெயர் வரும். அந்தப் பெயரை மேற்கோள் குறிக்குள் போட்டு, பக்கத்தில் ஒவ்வொன்றாக 'இன்டர்வியூ', 'ஓரல் ஹிஸ்டரி', 'பொட்காஸ்ட்' என்று சேர்த்துத் தேடுங்கள். கிடைக்கும் கதைகளில் ஒன்று இது. 1975 செப்டம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் வெஸ்கொன் கண்காட்சி நடந்தது. பெடல் வேலை செய்த மொஸ் டெக்னோலொஜி கம்பனி 6502ஐ அங்கே விற்க வந்தது, ஆனால் அரங்குக்குள் சிப் விற்க அனுமதி இல்லை. ஆகவே பக்கத்து ஹோட்டலில் அறை எடுத்து, 25 டொலருக்கு விற்றார்கள். மற்றக் கம்பனிகளின் விலையோடு பார்த்தால் நம்ப முடியாத மலிவு. உற்பத்தி அமோகமாக நடக்கிறது என்று காட்ட பெரிய கண்ணாடி ஜாடிகள் நிறையச் சிப்பை நிரப்பி வைத்திருந்தார்கள். ஜாடியின் அடிப்பாதியில் கிடந்ததெல்லாம் வேலை செய்யாத சிப்.

அந்தப் பேச்சைக் கேட்கும்போதே அதில் வரும் மற்றப் பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பெடல் மோட்டரோலாவிலிருந்து வெளியேறியவர், அங்கே ஒரு கூட்டமே இருந்தது. மொஸ் டெக்னோலொஜியை கொமடோர் 1976இல் வாங்கியது. அந்தப் பக்கம் போனால் கொமடோர் 128ஐ வடிவமைத்த பில் ஹெர்ட் வருவார். ஐந்து மாதம் அளவில் ஒரு கணினியை உருவாக்கி 1985 ஜனவரியில் லாஸ் வேகாஸ் கண்காட்சிக்குக் கொண்டுபோன கதையை அவர் பல இடங்களில் சொல்லியிருக்கிறார். ஒரே கதையின் வெவ்வேறு பதிப்புகளைக் கேட்டால், எந்த நிகழ்ச்சியின் தொகுப்பாளர் நல்ல கேள்வி கேட்கிறார் என்பதும் தெரிந்துவிடும்.

பொட்காஸ்ட்டுக்கென்றே ஒரு தேடுபொறி இருக்கிறது, லிசன் நோட்ஸ். அதில் எபிசோட் அளவில் தேடலாம், நீளத்தை வைத்தும் வடிகட்டலாம். குறைந்தது 45 நிமிடம் என்று வையுங்கள், அதற்குக் கீழே பெரும்பாலும் அறிமுகத்தோடு பேச்சு முடிந்துவிடும். பொதுவான பெரிய நிகழ்ச்சிகளிலும் இந்தத் தேடல் பலன் தரும். லெக்ஸ் ஃப்ரிட்மனிடம் 2020இல் சிப் வடிவமைப்பாளர் ஜிம் கெல்லர் பேசியதும், எக்வயர்ட் பொட்காஸ்ட்டில் 2025இல் தாய்வானின் சிப் தயாரிப்புக் கம்பனியான டிஎஸ்எம்சியின் நிறுவனர் மொரிஸ் சாங் பேசியதும் இலத்திரனியல் பட்டியல்களில் சிக்காது.

காலமானவர்களுக்கு வேறு வழி. அனலொக் சிப் வடிவமைப்பில் பேர்போன பொப் விட்லர் 1991இலேயே போய்விட்டார், அப்போது பொட்காஸ்ட் ஏது? கம்பனி செலவைக் குறைக்கிறேன் என்று முன்புறப் புல்லை வெட்டாமல் விட்டபோது, ஒரு ஆட்டைக் காரில் ஏற்றிவந்து மேய விட்ட மனுஷன் அவர். அந்தக் கதைகள் அவரோடு வேலை செய்தவர்கள் வாயிலாகத்தான் வரும். ஆகவே அவர் பெயரோடு அவர் வேலை செய்த நேஷனல் செமிகண்டக்டர் பெயரையும் சேர்த்து, சக ஊழியர்களைத் தேடுங்கள். அதே அனலொக் துறையின் ஜாம்பவான்கள் ஜிம் வில்லியம்ஸ், பொப் பீஸ் இருவரும் 2011 ஜூனில் ஒரு வார இடைவெளியில் போனார்கள். வில்லியம்ஸின் நினைவுக் கூட்டத்திலிருந்து வரும் வழியில்தான் பீஸ் கார் விபத்தில் இறந்தார்.

5. வாய்மொழி வரலாறு: பொட்காஸ்ட் என்ற பெயர் இல்லாத புதையல்

இதைப் பலர் தவறவிடுகிறார்கள். கலிபோர்னியாவின் மவுண்டன் வியூவில் இருக்கும் கம்பியூட்டர் ஹிஸ்டரி மியூசியம், பல வருடமாக மூத்த பொறியியலாளர்களை உட்கார வைத்து மணிக்கணக்கில் பதிவு செய்து வைத்திருக்கிறது. வீடியோக்கள் யூடியூப்பில் இருக்கின்றன, எழுத்து வடிவம் பிடிஎஃப்பாக அவர்கள் தளத்தில் கிடைக்கிறது. பல நேர்காணல்களில் கேள்வி கேட்பவரும் துறையில் வேலை பார்த்தவர். அதனால் அடிப்படை விளக்கத்தில் நேரம் போகாது. பெரும்பாலும் பிறந்த ஊர், அப்பாவின் தொழில் என்றுதான் தொடங்குவார்கள். அவசரமென்றால் பிடிஎஃப்பில் கம்பனிப் பெயரைத் தேடி அந்த இடத்துக்கு நேராகப் போங்கள்.

அமெரிக்காவின் ஐஈஈஈ என்ற மின், இலத்திரனியல் பொறியியலாளர் அமைப்பின் வரலாற்று மையமும் நூற்றுக்கணக்கான நேர்காணல்களை எழுத்தாக வைத்திருக்கிறது. மின்சக்தி, வானொலி, ராடர் பக்கத்து ஆட்கள் இதில் அதிகம்.

இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்தும் ஒரு விளையாட்டு இருக்கிறது. ஃபெடரிகோ ஃபஜின் 1970 ஏப்ரலில் இன்டெலில் சேர்ந்தார். சேர்ந்த சில நாளிலேயே ஜப்பானின் பிசிகொம் கம்பனியிலிருந்து மசடோஷி ஷிமா வந்து இறங்கினார். தங்களுக்காகச் செய்துகொண்டிருக்கும் சிப்களின் வடிவமைப்பைச் சரிபார்க்க வந்தவர் அவர். வந்து பார்த்தால் சரிபார்க்க அங்கே ஒன்றுமே இல்லை, மாதக்கணக்கில் வேலை நகரவில்லை. கோபம் வந்த ஷிமாவை ஃபஜின் சமாளித்து, இருவரும் சேர்ந்து உழைத்து வெளியே கொண்டுவந்ததுதான் இன்டெலின் முதல் மைக்ரோபுரொசெசரான 4004. அந்தச் சிப்பின் ஓரத்தில் ஃபஜின் தன் பெயரின் முதலெழுத்துகளைப் பொறித்து வைத்தார். ஃபஜினின் பக்கம் அருங்காட்சியகப் பதிவில் இருக்கிறது, ஷிமாவின் பக்கம் ஐஈஈஈ நேர்காணலில் இருக்கிறது. ஒரு அலுவலகச் சண்டையை இரண்டு பக்கமும் கேட்கும் வாய்ப்பு அடிக்கடி வாய்க்காது.

6. பத்து நிமிடச் சோதனை

எந்த எபிசோட்டையும் நடுவிலிருந்து பத்து நிமிடம் கேளுங்கள். தொடக்கம் எல்லோருக்கும் நன்றாகத்தான் இருக்கும். பேசுபவர் குறிப்பிட்ட வருடத்தையும் குறிப்பிட்ட பாகத்தையும் சொல்கிறாரா? தோல்வியைப் பற்றிப் பேசுகிறாரா? தொகுப்பாளர் குறுக்கே விழாமல் விடுகிறாரா? 'புதுமை', 'பயணம்', 'எதிர்காலம்' என்ற சொற்கள் நிமிடத்துக்கு ஒருமுறை வந்தால் அது விளம்பரம், அழித்துவிடுங்கள். இன்னும் அதே கம்பனியில் வேலை செய்பவரைவிட ஓய்வு பெற்றவர் வாய் திறந்து பேசுவார். இது என் அனுபவத்தில் பொய்த்ததே இல்லை.

7. ஆங்கிலம் தடுமாறினால்

வேகத்தை 0.8க்குக் குறையுங்கள். எழுத்து வடிவம் இருந்தால் முதல் இருபது நிமிடத்தை வாசித்துக்கொண்டே கேளுங்கள். அதற்குப் பிறகு அந்த ஆளின் உச்சரிப்பு பழகிவிடும். யூடியூப் பதிவென்றால் தானியங்கி வசன வரிகளை ஓடவிடுங்கள், பாகங்களின் எண்களில் மட்டும் அவற்றை நம்பாதீர்கள்.

உண்மையில் தடுக்குவது இலக்கணத்தைவிட வேலைத்தளச் சொற்கள்தான். 'பிரிங்-அப்' என்றால் புதிய போர்டுக்கு முதன்முதலில் கரண்ட் கொடுத்து உயிர் வரவைப்பது. 'ரீஸ்பின்', பிழையைத் திருத்தி மறுபடி அச்சிடுவது. 'பொட்ஜ் வயர்', பிழையைச் சமாளிக்க மேலே ஓட்டும் கம்பி. 'யீல்ட்', செய்ததில் எத்தனை வீதம் வேலை செய்கிறது என்பது. 'மேஜிக் ஸ்மோக்', பாகம் எரியும்போது கிளம்பும் புகை. மின்னல் அடித்த டிவியைத் திறந்தவர்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை.

8. இங்கேயே இருக்கும் கதைகளைப் பதிவு செய்வது

தமிழில் இந்த வகை நேர்காணல் மிகக் குறைவு. ஆனால் சொல்ல ஆட்கள் இல்லாமல் இல்லை. கொழும்பில் 1923இல் எட்வர்ட் ஹார்ப்பர் சோதனை ஒலிபரப்பு செய்தபோது, பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலின் வானொலிப் பாகங்களிலிருந்து டிரான்ஸ்மிட்டர் செய்யப்பட்டது. முறையான சேவை 1925 டிசம்பரில் தொடங்கியது. அந்தத் தலைமுறை போய்விட்டது. லக்சபானையில் 1950இல் மின்சாரம் தொடங்கியபோது இருந்தவர்களும் அநேகமாக இல்லை. 1982இல் ரூபவாஹினி வந்த பிறகு லயங்களில் கார் பேட்டரியில் டிவி ஓடியதே, அந்தப் பேட்டரிகளுக்கு டவுனில் சார்ஜ் ஏற்றிக் கொடுத்தவர்கள், தேயிலை ஃபெக்டரிகளில் மோட்டரும் டிரையரும் பார்த்த இலெக்ட்ரீஷியன்கள், வால்வ் ரேடியோ பார்த்த மெக்கானிக்குகள் இன்னும் இருக்கிறார்கள்.

போனில் இருக்கும் ரெக்கோர்டர் போதும். ஃப்ளைட் மோடில் போடுங்கள், மடித்த துணிமேல் வைத்து அவருக்கு ஒரு முழத் தூரத்தில் நகர்த்துங்கள். மழை நாளில் தகரக் கூரைக்குக் கீழே பதிவு செய்யாதீர்கள், ஒன்றும் கேட்காது. 'உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள் மாமா' என்று கேட்டால் இரண்டு வாக்கியத்தில் முடித்துவிடுவார். ஒரு பழைய வால்வையோ மீட்டரையோ எரிந்த போர்டையோ முன்னால் வையுங்கள். 'இதில் முதலில் எது போகும்?' என்று கேளுங்கள். அப்புறம் நிறுத்துவதுதான் கஷ்டம். இடையில் வரும் பெயர்களையும் வருடங்களையும் ஒரு கொப்பியில் குறித்து வைத்து, முடிந்த பிறகு எழுத்துக்கூட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

யாரோ ஒரு துரையைப் பற்றியோ பழைய முதலாளியைப் பற்றியோ சொன்ன பகுதியை வெளியிடலாமா என்று அன்றே கேட்டுவிடுங்கள். வேண்டாமென்றால் அந்த இடத்தை வெட்டி விடுங்கள். கோப்புக்குப் பெயர், ஊர், திகதி போட்டு, ஒரு நகலை அவருடைய பிள்ளைகளின் போனுக்கும் அனுப்பிவிடுங்கள்.